பதினோரு வாயும் ஒரு மூடியும்

கிரீஷ் சார் மாம்பழச் சாறு டின்னைக் கையில் எடுத்தார். அதன் மேல் மாட்டியிருந்த எங்கள் மூடியின் தட்டைக் கட்டைவிரலால் திருகித் திறந்தார். 'க்ளக்' என்று ஒரு சத்தம் வந்தது. அந்தச் சத்தம் சரியாக வருவதற்கு மட்டும் நான் மூன்று வாரம் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தேன். அவர் அதை ரசித்துத் தலையாட்டினார். பிறகு டின்னை உதட்டில் வைத்தார்.

நான்கு மாதங்களில் அந்த மூடியின் மேல் ஓர் உதடு பட்டது அதுதான் முதல் தடவை.

பக்கத்தில் நின்ற மெஷின் ஆபரேட்டர் பாஷா பாய், "யா அல்லா" என்று முனகினார். பேக்கிங் செய்யும் கெம்பக்கா கண்ணை இறுக மூடிக்கொண்டார். முதலாளி மட்டும் எதுவும் புரியாமல் சிரித்துக்கொண்டே நின்றார்.

டின்னை உதட்டில் வைத்ததில் என்ன குற்றம் என்று கேட்பீர்கள். சொல்கிறேன். அதுவரை கிரீஷ் சார் அப்படியே டின்னும் கையுமாக நிற்கட்டும். நான் ஓசூர் பேருந்து நிலையத்தில் பெட்டியோடு இறங்கிய கதையைப் போன வாரம் இதே பக்கத்தில் படித்துவிட்டு, 'கடைசியில் வேலை கிடைத்ததா இல்லையா?' என்று கோபமாக எழுதிக் கேட்ட பர்கூர் வாசகிக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. கிடைத்தது அக்கா. அதனால்தான் இவ்வளவு வம்பும்.

மூடி எண்ணுகிற பெண்

தொழிற்பேட்டையின் கடைசிச் சந்தில், லாரி திரும்ப முடியாத இடத்தில் எங்கள் கம்பெனி இருந்தது. பிளாஸ்டிக்கை உருக்கி அச்சுக்குள் பாய்ச்சுகிற மெஷின் இரண்டு. முதலாளி ரங்கநாதன் சாரைச் சேர்க்காமல் நாங்கள் பதினோரு பேர். எண்ணெய் பாட்டில் மூடி, பினாயில் மூடி, இருமல் மருந்து மூடி என்று ஊரில் எதையெல்லாம் மூட முடியுமோ அதற்கெல்லாம் மூடி செய்தோம்.

நான் அச்சு வடிவமைப்பில் டிப்ளமா முடித்தவள். என்னை வேலைக்கு எடுத்தது தரம் பார்க்கிற வேலைக்கு. ஒரு மாதத்திலேயே கம்ப்யூட்டரில் டிராயிங் போடுகிற வேலையும் என் தலையில் விழுந்தது. அதற்குத் தனியாக யாரும் இல்லை. வெளியாட்கள் வந்தால் முதலாளி என்னைக் காட்டி, "இது டைப் அடிக்கிற பொண்ணு" என்பார்.

நாகரசம்பட்டியில் என் அப்பா வேடியப்பன் அதைவிட ஒரு படி மேலே போனார். சொந்தக்காரர்கள், "செல்வராணி ஓசூர்ல என்ன வேலை பாக்குது?" என்று கேட்டால் அவர் தரும் பதில் இது:

"மூடிக் கம்பெனில இருக்குது. மூடி எண்ணுது."

நான் எத்தனையோ முறை விளக்கியிருக்கிறேன். அப்பாவுக்கு மாந்தோப்பு தெரியும். மாங்காய் எண்ணிக் கூடையில் போடுகிற வேலை தெரியும். அதே கணக்கில் என்னையும் கூடைப் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டார்.

இந்த இடத்தில் ஒரு கட்டத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். எந்த டிராயிங்காக இருந்தாலும் வலது கீழ்மூலையில் மூன்று சின்னக் கட்டங்கள் இருக்கும். வரைந்தவர், சரிபார்த்தவர், ஒப்புதல் தந்தவர். எங்கள் கம்பெனியில் மூன்றிலும் ரங்கநாதன், ரங்கநாதன், ரங்கநாதன். குப்பைத் தொட்டிக்கு ஒரு மூடி வரைந்தோம், அதிலும் அவரே மூன்று பேர்.

எனக்கு அந்த முதல் கட்டத்தின் மேல் ஆசை வந்துவிட்டது. பெரிய கட்டம் ஒன்றும் இல்லை, கட்டைவிரல் அகலம்தான். ஆனால் இரவில் படுத்தால் அதுதான் கண்ணுக்குள் நிற்கும். வெட்கத்தை விட்டு ஒரு நாள் கேட்டேவிட்டேன்.

"சார், வரைஞ்சவர்ங்கற இடத்துல எம் பேர் போட்டுக்கலாமா?"

அவர் என்னைப் பார்த்த பார்வையில், நான் கம்பெனியையே எழுதிக் கேட்டதுபோல இருந்தது. "மொதல்ல உருப்படியா ஒண்ணு பண்ணும்மா. அப்பறம் பாக்கலாம்" என்றார்.

பேருந்தில் நனைந்த மடி

உருப்படியான அந்த ஒன்று போச்சம்பள்ளி கம்பெனி பேருந்தில் என்னைத் தேடி வந்தது. ஊருக்குப் போகிற சனிக்கிழமைகளில், தெரிந்த டிரைவர் புண்ணியத்தில் அதில் தொற்றிக்கொள்வேன். அன்று பக்கத்து இருக்கைப் பெண் மாம்பழச் சாறு டின் ஒன்றை உடைத்தாள். பாதி குடித்தாள். மீதியை என்ன செய்வது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு தூங்கிப்போனாள். வேகத்தடை வந்தது. மீதிச் சாறு என் மடிக்கு வந்தது.

சுடிதார் பிசுபிசுக்க ஒட்டியிருக்கையில் எனக்குக் கோபம் அந்தப் பெண் மேல் வரவில்லை. டின் மேல் வந்தது. பாட்டிலைத் திறந்தால் மூடலாம். டின்னைத் திறந்தால் திறந்ததுதான். குடித்து முடி, இல்லையென்றால் கொட்டு என்று மிரட்டுகிற பாத்திரம் உலகத்தில் அது ஒன்றுதான்.

மூடி விஷயத்தில் நம் ஆட்களுக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. எங்கள் வீட்டில் எந்தப் பாட்டிலுக்கும் அதன் சொந்த மூடி இருந்ததாக நினைவில்லை. நல்லெண்ணெய் பாட்டிலுக்கு டானிக் மூடி, டானிக்குக் காகிதச் சுருள், மண்ணெண்ணெய்க்குச் சோளக்கட்டை. எங்கள் சந்து முனை டீக்கடையில் பார்சல் டீயை முன்பெல்லாம் பிளாஸ்டிக் பையில் ஊற்றி, வெள்ளை நூலால் சுற்றி ஒரு முடிச்சுப் போடுவார்கள். தலைகீழாகப் பிடித்தாலும் சொட்டாது. கெம்பக்கா நூலின் வாலைப் பிடித்து ஒரே இழுப்பில் அவிழ்ப்பார். மற்றவர்கள் பல்லால் கடித்துச் சட்டையில் ஊற்றிக்கொள்வோம். இப்போது பையைத் தடை செய்துவிட்டதால் பிளாஸ்கில் வருகிறது. அந்தப் பிளாஸ்கின் மூடி ஒழுகுகிறது.

திங்கட்கிழமை முதலாளியிடம் போய், டின்னின் விளிம்பில் கவ்விப் பிடிக்கிற ஒரு மூடியைச் சொன்னேன். மேலே ஒரு சுழலும் தட்டு. இந்தப் பக்கம் திருகினால் திறக்கும், அந்தப் பக்கம் திருகினால் மூடும். சாறு வர ஒரு துவாரம். காற்று உள்ளே போக அதன் பக்கத்திலேயே ஒரு குட்டித் துவாரம். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் ஒரே தட்டு இரண்டையும் மூடிவிடும். என் அறிவை நானே மெச்சிக்கொண்ட இடம் அது. அதைக் கொஞ்சம் நினைவில் வையுங்கள்.

முதலாளி மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். கிருஷ்ணகிரிப் பக்கம் மாம்பழச் சாறு அடைக்கிற ஒரு பெரிய கம்பெனியில் அவருக்குப் பழக்கம் இருந்தது. அதன் தலைமை அலுவலகம் பெங்களூரில். "போடு டிராயிங்கை" என்றார். போட்டேன். மூன்று கட்டத்திலும் ரங்கநாதன்.

"மூடி ஓகே ஆவட்டும், ஒம் பேரப் பத்திப் பேசலாம்" என்று வாக்கும் கொடுத்தார். அவர் வாக்கு கொடுத்தால் அது கொடுத்த இடத்திலேயே இருக்கும்.

ரசம் வைத்துச் சோதனை

அந்த மூடியை நாங்கள் சோதித்ததுபோல வேறு எந்த மூடியையும் யாரும் சோதித்திருக்க மாட்டார்கள். பாஷா பாய் தண்ணீர் நிரப்பிய டின்னை மூடி, பைக் பெட்டியில் தலைகீழாகப் போட்டு ராயக்கோட்டை சாலையில் போய்வந்தார். ஒரு சொட்டு இல்லை. நாங்கள் வாங்கிய சாறெல்லாம் தீர்ந்துபோனதும் கெம்பக்கா தன் மதியச் சாப்பாட்டு ரசத்தை ஊற்றிக் கொடுத்தார். மிளகு அடைக்கிறதா என்றும் பார்த்தாயிற்று. முதலாளி மட்டும் சர்க்கரை வியாதி என்று ஒதுங்கிக்கொண்டார்.

தினமும் மதியம் மூன்று மணிக்குக் குடிக்கும் சோதனை. ஒரே டின், பதினோரு பேர். கை மாறிக் கை போகும். ஒரு சாண் உயரத்தில் தூக்கி, அண்ணாந்து, வாயில் ஊற்றிக்கொள்வோம். பதினோரு பேர் குடிக்கிற டின்னை வேறு எப்படிக் குடிப்பது? எச்சில் பண்ணிவிட்டு அடுத்தவர் கையில் கொடுக்க முடியுமா? அப்படி ஒரு யோசனையே எங்களுக்கு வரவில்லை. குடிப்பது என்றால் தூக்கிக் குடிப்பது. பள்ளிக்கூடத்து டம்ளரில் பழகியது, இன்னும் விடவில்லை.

முதலில் சாறு பரவி விழுந்தது. பாஷா பாயின் தாடி நனைந்தது. துவாரத்தின் உதட்டைக் கொஞ்சம் கூராக்கினேன். அப்புறம் வலது பக்கம் சாய்ந்து விழுந்தது. அதையும் இழுத்துப் பிடித்தேன். ஏழாவது திருத்தத்தில் சாறு நூல் பிடித்ததுபோல நேராக இறங்கியது.

"இத பாரு தங்கச்சி" என்று பாஷா பாய் கையை முழுசாக நீட்டி ஊற்றிக் காட்டினார். "ஒரு மொழ ஒயரம். மீசைல கூட படல. இதுக்கு மேல என்னா வேணும்?"

"ரொம்ப சென்னாகிதே" என்றார் கெம்பக்கா. தளிப் பக்கத்துக்காரர். நன்றாக இருக்கிறது என்கிறார்; சந்தோஷம் வந்தால் கன்னடம் முந்திக்கொள்ளும்.

இப்போது கிரீஷ் சாரிடம் திரும்பலாம். பாவம், கை வலித்திருக்கும்.

வெள்ளைச் சட்டை

அவர் பெங்களூர் அலுவலகத்து வாங்கும் பிரிவு அதிகாரி. சலவை மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. டின்னை உதட்டில் வைத்து, கொஞ்சம் சாய்த்தார். சாறு வரவில்லை.

வராது. அவருடைய உதடு சாறு வரும் துவாரத்தையும் மூடியது, பக்கத்திலிருந்த காற்றுத் துவாரத்தையும் மூடியது. காற்று உள்ளே போகாமல் சாறு எப்படி வெளியே வரும்? இது எனக்கு அந்த ஒரு நொடியில் புரிந்தது. நான்கு மாதம் புரியாதது.

அவர் உறிஞ்சினார். கன்னம் ஒட்டியது. புருவம் ஏறியது. டின் 'டொக்' என்று உள்ளே ஒடுங்கியது. இன்னும் சாய்த்து, விடாப்பிடியாக டின்னை அமுக்கினார்.

"சார், ஒதட்ட எடுங்க!" என்று கத்திவிட்டேன்.

எடுத்தார். அதுதான் தப்பாகப் போனது. அமுக்கியபடியே எடுத்தார். நாங்கள் ஏழு தடவை திருத்தி நேராக்கிய அந்தத் தாரை, நேராக அவர் மூக்குக்குள் போனது. மீதி சட்டையில். கோட்டம் கொஞ்சம்கூட இல்லை.

கெம்பக்கா தன் துண்டை நீட்டினார். கிரீஷ் சார் தும்மினார், துடைத்தார், மறுபடி தும்மினார். பிறகு ரொம்ப நிதானமாக ஒரு கேள்வி கேட்டார்.

"யாரு இதை டிசைன் பண்ணிதது?"

திட்டுவதற்காக அவர் கேட்கவில்லை, குறிப்பு எழுதுவதற்காகக் கேட்டார் என்று பின்னால் தெரிந்தது. ஆனால் அதற்குள் முதலாளியின் ஆள்காட்டி விரல் என்னை நோக்கி நீண்டுவிட்டது.

"இந்தப் பொண்ணு சார். முழுக்க முழுக்க இதுதான்."

"டிராயிங்ல உங்க பேர் இருக்குதே?"

"அது டைப்பிங் மிஸ்டேக் சார். இப்பவே மாத்திடறேன்."

முதலாளி என்னைக் கம்ப்யூட்டர் முன் உட்காரவைத்து, என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார். நான் அந்த டிராயிங்கைத் திறந்தேன். மூன்று ரங்கநாதன்கள் வரிசையாக இருந்தார்கள். முதல் ரங்கநாதனை அழித்தேன்.

"ஒன் இனிஷியல் என்னம்மா?" என்றார் காதருகே. மூன்று வருடம் அவரிடம் வேலை பார்த்தவள் நான்.

"வே, சார்."

வே. செல்வராணி என்று அடித்தேன். இத்தனை நாள் கனவு கண்ட கட்டத்தில் என் பெயர் ஏறியது இப்படித்தான், மாம்பழச் சாற்றுக்குப் பொறுப்பேற்க. அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. எது முதலில் வந்தது என்று இப்போது சொல்லத் தெரியவில்லை.

முதலாளிக்கு இன்னும் பயம் தெளியவில்லை. "சரிபாத்தவர்ல பாஷா பேரப் போடு" என்றார்.

"நானா? நான் குடிச்சுத்தான் பாத்தேன் சார்" என்றார் பாஷா பாய். அவர் பேரும் ஏறியது. ஒப்புதல் கட்டத்தில் மட்டும் வேறு வழியில்லாமல் ரங்கநாதன் மிஞ்சினார். கிரீஷ் சார் அந்தப் பிரதியை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். "ஒன் மன்த். சரி பண்ணித் தோரிங்க" என்று, காட்டுங்கள் என்பதைக் கன்னடம் கலந்து சொல்லிவிட்டுக் காரில் ஏறினார்.

உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது என்பார்கள். மாலைக்குள் தொழிற்பேட்டை முழுக்கச் செய்தி பரவிவிட்டது. டீக்கடையில் என்னைப் பார்த்தவர்களெல்லாம் மூக்கைத் துடைத்துக் காட்டினார்கள்.

கழிப்பறைக் கதவு

காற்றுத் துவாரத்தை எதிர்ப்பக்கம் கொண்டுபோக வேண்டும். அது சுலபம். ஆனால் ஒரே தட்டு, எதிரெதிராக இருக்கும் இரண்டு துவாரங்களையும் எப்படி மூடும்? பத்து நாள் இதே யோசனை. சோறு இறங்கவில்லை. மூடி தோற்றால் அந்தத் தோல்வியின் மேல் என் பெயர் மட்டும் நிலைத்துவிடும். அதைவிட அந்தக் கட்டம் ரங்கநாதனிடமே இருந்திருக்கலாம்.

பதினொன்றாம் நாள் எங்கள் கம்பெனியின் பெண்கள் கழிப்பறையில் விடை கிடைத்தது. அந்தக் கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. ஒரு மரத்துண்டின் நடுவில் ஆணி அடித்து வைத்திருந்தார்கள். திருப்பினால் ஒரு முனை கதவைப் பிடிக்கும், மறு முனை நிலையைப் பிடிக்கும். தினமும் நான்கு தடவை அதைத் திருப்பியவள் நான். உள்ளேயிருந்தே, "கெம்பக்கா, கெடச்சுருச்சு!" என்று கத்தினேன்.

"ஏன்மா, ஹாவா?" என்று அவர் துடைப்பத்தோடு ஓடிவந்தார். பாம்பு என்று நினைத்துவிட்டார்.

தட்டுக்கு இரண்டு பக்கமும் இறக்கை வைத்தேன். நடுவில் அந்த ஆணிபோல ஒரு முளை. ஒரு திருகில் இரண்டு துவாரமும் மூடிக்கொண்டன.

அடுத்த தலைவலி, உதட்டில் வைத்துக் குடிக்க ஆள் வேண்டுமே. ஆளுக்கு ஒரு டின் என்று தனித்தனியாகக் கொடுத்தேன். அப்படியும் பத்துப் பேர் கை தானாக மேலே போனது. கெம்பக்காவுக்கு வெட்கம். சுவர்ப் பக்கம் திரும்பி நின்று, முந்தானையால் மறைத்துக்கொண்டு ஒரு வாய் குடித்தார். கேட்டால், "சுசியில்ல, அசிங்கம்" என்றார். பாஷா பாய்க்கு நோன்பு மாதம். டின்களை வீட்டுக்கு எடுத்துப்போய் நோன்பு திறக்கையில் வீட்டார் எல்லோருக்கும் கொடுத்துப் பார்த்து, ஒவ்வொருவர் சொன்னதையும் காலையில் ஒப்பித்தார். சரிபார்த்தவர் கட்டத்துக்கு அவர் உண்மையாகவே தகுதியானது அந்த மாதம்தான்.

அந்த வே

ஒரு மாதம் கழித்துக் கிரீஷ் சார் வந்தார். இந்த முறை கறுப்புச் சட்டை. உதட்டில் வைத்தார். சாறு வந்தது. நிறுத்தினார், மூடினார், தலைகீழாகக் குலுக்கினார், மறுபடி குடித்தார். முகம் மலர்ந்தது.

"தூக்கியும் குடிக்கலாம் சார்" என்று பாஷா பாய் ஒரு முழ உயரத்திலிருந்து ஊற்றிக் காட்டினார். கிரீஷ் சாருக்கு ஆசை வந்துவிட்டது. தானும் தூக்கினார். அண்ணாந்தார். சாறு நேராகத்தான் விழுந்தது. அவர் வாய்தான் இடம் மாறி நின்றது. கறுப்புச் சட்டையும் நனைந்தது.

"டிசைன் சரி இருக்கு. இது என் தப்பு" என்று அவரே சிரித்துவிட்டார்.

ஆர்டர் உறுதியானதும் முதலாளி என் பக்கம் குனிந்தார். "ஏம்மா, டிராயிங்கப் பழையபடி மாத்திடலாமா?"

கிரீஷ் சாரின் காதில் விழுந்துவிட்டது. "ஆகாது சார். எங்க ஃபைல்ல ஏறிடுச்சு. மொதல் டிராயிங்ல யாரு பேரோ, திருத்தத்துலயும் அவரேதான் கையெழுத்து போடணும். ரூல்."

முதலாளி ஒரு நிமிடம் யோசித்தார். பிறகு மனசை மாற்றிக்கொண்டார், அதுவும் முழுசாக. அந்த டிராயிங்கைக் கண்ணாடி போட்டு வரவேற்பறையில் மாட்டினார். வருகிறவர்களிடமெல்லாம், "அந்தப் பொண்ணு பேரப் போடுன்னு நான்தான் சொன்னேன்" என்கிறார். அதில் பொய் ஒன்றும் இல்லை.

மாங்காய் வரத்து முடிகிற சமயம், அப்பா ஒரு கூடை பழத்தோடு கம்பெனிக்கு வந்தார். முதலாளி அவரிடமும் அதையே சொன்னார். நான் ஒரு டின்னில் தண்ணீர் பிடித்து, மூடி போட்டுக் கொடுத்தேன். அப்பா தூக்கி, அண்ணாந்து குடித்தார். ஒரு சொட்டு வெளியே சிந்தவில்லை.

"எதுத்தாப்புல இன்னொரு ஓட்ட எதுக்கு?"

"வாய் வெச்சுக் குடிக்கறவங்களுக்குப்பா."

"எச்சப் பண்ணிக் குடிக்கறவனுக்காவா இவ்ளோ பாடு?" என்றார். பிறகு கண்ணாடிச் சட்டத்துக்குப் பக்கத்தில் போனார். கீழ்மூலையில் விரலை வைத்து எழுத்துக் கூட்டினார். வே. செல்வராணி. விரல் மறுபடி முதல் எழுத்துக்கே போய் நின்றது.

"இந்த வே, நானுதான?"

"நீதாம்ப்பா."

முதலாளி காதருகே இனிஷியல் கேட்டபோது, என்னோடு அப்பாவையும் சேர்த்து அந்தக் கட்டத்தில் ஏற்றுவதாக நான் நினைக்கவே இல்லை.

அப்பா வாசலுக்குப் போய் போனை எடுத்தார். ஊரில் இருக்கும் தன் மாமாவுக்கு. போனில் பேசினால் ஊருக்கே கேட்கும் குரல் அவருக்கு.

"மாமா, அன்னிக்கி கேட்டீங்களே, பொண்ணு என்ன வேலன்னு? எண்ணறதெல்லாம் இல்ல. மூடியே அதுதான் கண்டுபுடிச்சிருக்குது. கண்ணாடி போட்டு மாட்டி வெச்சிருக்காங்க. ஆமா, பேரோட." குரலை இன்னும் கொஞ்சம் ஏற்றினார். "எம் பேரும் இருக்குது மாமா. அதுக்கு முன்னாடி."